பில் கேட்ஸ் தெரியும்... ஃபில் காட்ஸ் தெரியுமா? ஜிப் ஃபைலை உலகத்துக்குக் கொடுத்தவரின் கதை

ஆதார் தளத்தில் ஆஃப்லைன் இ-கேஒய்சி டவுன்லோட் செய்தால் வருவது ஒரு ஜிப் ஃபைல். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஆப் இன்ஸ்டால் ஆகும் ஏபிகே ஃபைலும் உள்ளே பார்த்தால் ஜிப்தான். இப்போதைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் அப்படியே. பாளையங்கோட்டையில் கணக்கு பார்க்கும் ஆடிட்டரில் இருந்து, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து கோடு எழுதும் இன்ஜினீயர் வரை, ஜிப் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

இதற்கு அடித்தளம் போட்டவர் பெயர் ஃபில் காட்ஸ். வேகமாகச் சொன்னால் மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ் என்றே காதில் விழும். ஆனால் இவர் உலகப் பணக்காரர் இல்லை. 37 வயதில், ஒரு மோட்டல் அறையில் தனியாக இறந்துபோனவர்.

முதலில், ஃபைல் எப்படிச் சுருங்குது?

பத்தமடை பட்டுப் பாயை நினைச்சுக்கோங்க. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்யும் பாய். அதைச் சுருட்டி சின்னப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். விரித்தால் ஒரு இழைகூடக் குறைந்திருக்காது. ஜிப் செய்வதும் அதேதான். எதையும் தூக்கிப் போடாமல் இடத்தை மட்டும் குறைக்கிறது.

எப்படி? ஒரு டாக்குமென்டில் 'திருநெல்வேலி' என்ற பெயர் 40 இடத்தில் வருகிறது என்று வைப்போம். முதல் தடவை மட்டும் முழுசாக எழுதினால் போதும். அடுத்த தடவையில் இருந்து, இத்தனை எழுத்து பின்னால் போய் இத்தனை எழுத்தை எடு என்று ஒரு சின்னக் குறிப்பு. இது ஜிவ், லெம்பெல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1977-ல் வெளியிட்ட யோசனை. அதன் மேல் 1952-ல் ஹஃப்மன் சொன்ன இன்னொரு வித்தை: அடிக்கடி வரும் குறிகளுக்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வருவதற்குப் பெரிய குறியீடு. இரண்டையும் சேர்த்து, சாதாரண கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடும்படி செய்ததுதான் காட்ஸின் திறமை.

யார் இந்த காட்ஸ்?

1962 நவம்பர் 3-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து கால்குலேட்டருக்கு புரோகிராம் எழுதியவர். 1984-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கி, தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் ஆலன்-பிராட்லி நிறுவனத்தில் புரோகிராமர் ஆனார்.

அப்போது இன்டர்நெட் வீட்டுக்கு வரவில்லை. போன் லைனில் மோடத்தைப் போட்டு, யாரோ ஒருவர் வீட்டில் ஓடும் 'புல்லட்டின் போர்டு' கம்ப்யூட்டருக்கு டயல் செய்து ஃபைல் எடுப்பார்கள். அன்றைக்குப் பரவலாக இருந்த 2,400 பிட் வேக மோடத்தில் 1 எம்பி ஃபைல் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன் பில்லும் ஏறும். ஃபைல் பாதியாகச் சுருங்கினால் பாதிச் செலவு மிச்சம்.

அந்த வேலைக்கு அப்போது எல்லோரும் பயன்படுத்தியது 'ஆர்க்' என்ற சாஃப்ட்வேர். எஸ்இஏ என்ற நிறுவனத்துடையது. காட்ஸ் அதே ஆர்க் ஃபைல்களைப் பல மடங்கு வேகமாக விரிக்கும் ஒரு புரோகிராமை எழுதினார். பெயர் பிகேஎக்ஸ்ஆர்க். சுருக்க வராது, விரிக்க மட்டும்தான். விலை கிடையாது. வேகத்தைப் பார்த்த ஜனங்கள் கைக்குக் கை மாற்றினார்கள். அந்த உற்சாகத்தில் சுருக்கும் புரோகிராமான பிகேஆர்க்கையும் வெளியிட்டார். பிகேவேர் என்ற கம்பெனி, அம்மா ஹில்டகார்டின் துணையோடு வீட்டில் இருந்தே தொடங்கியது.

வியாபார முறை 'ஷேர்வேர்'. முதலில் எடுத்துப் பயன்படுத்துங்க, பிடிச்சா பணம் அனுப்புங்க. நிறைய பேர் அனுப்பவில்லை. ஆனால் கம்பெனிகள் அனுப்பின. அதுவே போதுமானதாக இருந்தது.

வழக்கு: திருடினாரா?

1988-ல் எஸ்இஏ வழக்குப் போட்டது. ஆர்க்கின் சோர்ஸ் கோடை அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். அதில் இருந்து காட்ஸ் காப்பி அடித்தார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு கோடையும் ஒப்பிட்ட நிபுணர், குறிப்புகளும் எழுத்துப் பிழைகளும்கூட இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. காட்ஸ் மொத்தம் 62,500 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் பயனர்களில் பெரும்பாலோர் காட்ஸ் பக்கம் நின்றார்கள். பெரிய கம்பெனி ஒரு தனி ஆளை நசுக்குகிறது என்று நினைத்தார்கள். உண்மையில் எஸ்இஏவும் ஒரு சின்னக் குடும்ப நிறுவனம்தான். காட்ஸை வெறும் ஹீரோவாகப் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

கதவைத் திறந்த முடிவு

ஆர்க்கை விட வேண்டிய நிலையில், 1989-ல் புதிய ஃபார்மட்டோடு வந்தார். அதுதான் ஜிப். இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு. பிகேஜிப் சாஃப்ட்வேர் தன்னுடையது, ஆனால் ஜிப் ஃபார்மட் பொதுச்சொத்து என்று அறிவித்தார். ஃபைலுக்குள் எந்த பைட் எங்கே இருக்கும் என்ற முழு விவரத்தையும் ஆவணமாக எழுதி வெளியிட்டார். யாரும் அதைப் படித்துத் தங்கள் சாஃப்ட்வேரை எழுதிக்கொள்ளலாம்.

காட்ஸின் புரோகிராம் ஓடியது டாஸ் கம்ப்யூட்டரில். யூனிக்ஸ், மேக், அமிகா வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? 1990-ல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இன்ஃபோ-ஜிப் என்ற குழுவாகச் சேர்ந்து, அந்த ஆவணத்தை வைத்து 'அன்ஜிப்' என்ற இலவசக் கருவியை வளர்த்தார்கள். ஒவ்வொரு மெஷினிலும் வேறு பிரச்சினை. ஒன்றில் ஃபைல் பெயர் 8 எழுத்துக்கு மேல் போகாது, இன்னொன்றில் வரி முடியும் குறியே வேறு. பிழை வந்தால் திருத்தி மறுபடி வெளியிடுவார்கள். சம்பளம் கிடையாது. கிட்டத்தட்ட எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் ஜிப் திறந்தது இப்படித்தான்.

1993-ல் காட்ஸ் பிகேஜிப்பின் புதிய பதிப்பில் 'டிஃப்ளேட்' முறையைக் கொண்டுவந்தார். 1996-ல் அது இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமாகவும் எழுதப்பட்டது. இன்று பிஎன்ஜி படம், வெப் பக்கங்களைச் சுருக்கும் ஜிஜிப் எல்லாவற்றிலும் டிஃப்ளேட் இருக்கிறது.

மனிதர் சரிந்தார்

ஃபார்மட் வளர வளர, மனிதர் சரிந்துகொண்டே போனார். விண்டோஸ் காலத்துக்கு பிகேவேர் மெதுவாகவே மாறியது. வின்ஜிப் அந்த இடத்தைப் பிடித்தது. மதுப் பழக்கம் முற்றியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான வழக்குகள், கைது வாரண்டுகள். கூடவே நின்ற அம்மாவுடனான உறவும் முறிந்தது. கடைசிக் காலத்தில் மோட்டல்களில் தங்கி வந்தார். 2000 ஏப்ரல் 14-ல் மில்வாக்கியில் ஒரு மோட்டல் அறையில் இறந்துகிடந்தார். தொடர் குடியால் கணையத்தில் ஏற்பட்ட ரத்தக்கசிவு காரணம். அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஜிப் திறக்கத் தனி சாஃப்ட்வேரே தேவைப்படவில்லை.

சரி, இதில் தமிழுக்கு என்ன?

தமிழில் பெயர் வைத்த ஃபைலை ஜிப் செய்து அனுப்பி, மறுபக்கம் கேள்விக்குறியும் கட்டங்களுமாகத் திறந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். காரணம், காட்ஸ் ஃபார்மட்டை எழுதியபோது ஃபைல் பெயருக்கு அன்றைய ஐபிஎம் கம்ப்யூட்டரின் எழுத்து வரிசையை வைத்தார். அதில் தமிழ் கிடையாது. யூனிகோடே அப்போது வரவில்லை.

அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, 2006-ல் ஜிப் ஆவணத்தில் பெயர்களை யூனிகோடில் எழுதும் வழி சேர்ந்தது. 2009-ல் வந்த அன்ஜிப் 6.0 அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் பழைய சாஃப்ட்வேரில் பெயர் உடையலாம். அப்போது 7-ஜிப் போன்ற இலவசக் கருவியில் மறுபடி ஜிப் செய்து பாருங்க.

ஃபார்மட் ஒரு கம்பெனியின் ரகசியமாக இருந்திருந்தால், இந்தத் திருத்தத்துக்கு அந்தக் கம்பெனி தயவு பண்ண வேண்டியிருக்கும். கம்பெனி மூடினால் ஃபைல்களும் பூட்டிக்கொள்ளும். காட்ஸ் ஆவணத்தைப் பொதுவில் வைத்ததால், அவர் இல்லாமலேயே அதைத் திருத்த முடிந்தது, எழுத முடிந்தது, திறக்க முடிந்தது.

செஞ்சு பாருங்க

கம்ப்யூட்டரில் ஒரு ஜிப் ஃபைலையோ, புதிய வேர்டு ஃபைலையோ நோட்பேடில் திறங்க. புரியாத குறிகள் கொட்டும். ஆனால் முதல் இரண்டு எழுத்தும் தெளிவாக இருக்கும்: பி, கே. ஃபில் காட்ஸின் இனிஷியல்.