ஒராங்குட்டான் சொன்ன நகர்வு

1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள், நியூயோர்க்கில் உலகின் தலைசிறந்த சதுரங்க வல்லுநர் 11 பேர் பொருதிய போட்டியிலே, சவியெல்லி தர்த்தாக்கோவர் என்பார் தமது முதல் நகர்வாக, இடப்புற ஓரத்திலிருந்து இரண்டாவதாய் நின்ற காலாளை இரண்டு கட்டம் முன்னே தள்ளினார். எதிரே இருந்தவர் ஹங்கேரிய வீரர் மரோட்சி. நடுக்கட்டங்களைக் கைப்பற்றுவதே தொடக்கத்தின் கடமை எனப் பயின்றோர்க்கு இது விபரீதமாகவே தோன்றும்.

முதல்நாள் வீரர்கள் மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்றிருந்தனர். அங்கே சூசன் என்னும் ஒராங்குட்டானிடம் தாம் யோசனை கேட்டதாகவும், அதுவே இந்நகர்வைக் காட்டிற்று எனவும் தர்த்தாக்கோவர் சாதித்தார். மேலும் ஒரு கட்டம் ஏறிச்செல்லும் அக்காலாள், மரமேறும் அவ்விலங்கை நினைவூட்டிற்றாம். அன்று வென்றவர் மரோட்சி, பெயர்மட்டும் நிலைத்துவிட்டது.

வேடிக்கையை நீக்கிப் பார்த்தால் நகர்வில் நியாயமுண்டு. காலாள் விட்ட இடத்தில் மந்திரி அமர்ந்து, பலகையின் மூலைக்கு மூலை ஓடும் நெடுவழியைக் காக்கிறது. கறுப்பு தன் அரசன்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தித் தன் மந்திரிக்கு வழி திறந்தால், வெள்ளையின் ஓரக்காலாள் பறிபோகும். ஆயின் அதற்கீடாகக் கறுப்பின் நடுக்காலாள் வெள்ளைக்குக் கிட்டும். ஓரத்தைக் கொடுத்து நடுவை வாங்கும் வியாபாரம் இது. எதிரியின் எண்ணம் தெரியுமுன்னே தன் எண்ணத்தைக் காட்டிவிடுவதே இதன் குறையென, அப்போட்டி பற்றி நூலெழுதிய அலேகின் கண்டார். அது சரியான கணிப்பே.

இக்கதையைச் சொல்லிச் சிரித்தவரின் வாழ்க்கையோ சிரிப்புக்குரியதன்று. ருஷியாவின் ரொஸ்தோவ் நகரில் 1887இல் யூத மரபிற் பிறந்தவர். ஜெனீவாவிலும் வியன்னாவிலும் சட்டம் பயின்றவர். 1911இல் தாய்தந்தையர் இருவரும் ரொஸ்தோவிற் கொள்ளையராற் கொலையுண்டனர். முதல் மகாயுத்தத்தில் ஆஸ்திரிய இராணுவத்தில் நின்று, தாம் பிறந்த நாட்டுக்கு எதிராகவே போர் செய்ய நேர்ந்தது. பின்னர் பாரிஸிற் குடியேறினார். ஆயினும் ஏற்றதோ போலந்தின் குடியுரிமை. அந்நாட்டு மொழி அறியாத அவரே 1930இல் ஹம்பேர்க் நகரிற் போலந்து அணிக்கு உலகத் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்த வீரருள் ஒருவர்.

1939இல் புவனஸ் அயர்ஸில் அவ்வணிக்காக அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே போலந்தின்மீது ஹிட்லரின் படை பாய்ந்தது. கடலுக்கப்பால் தங்கிவிட அவருக்கு வாய்ப்பிருந்தது. அவரோ ஐம்பதைக் கடந்த வயதில் ஐரோப்பாவுக்குத் திரும்பி, கார்த்தியே என்னும் புனைபெயருடன் டிகோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையிற் சேர்ந்தார். போர் ஓய்ந்ததும் 1945-46 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முதலிடம் பெற்றார். 1950இல் பிரான்சின் பிரஜையாக, அந்நாட்டு அணியில் ஆடினார்.

1956 பெப்ரவரி 4ஆம் நாள் பாரிஸிற் காலமானார். அந்நகர்வை நுணுகி ஆராய்ந்து தனிநூல் செய்த சோவியத் வீரர் சொக்கோல்ஸ்கியின் பெயரும் அதற்கு வழங்குகிறது. சூசனின் பெயரை யாரும் மாற்றவில்லை.