பாவமன்னிப்பு கேட்டே மணிக்கணக்கில் உட்கார்ந்த துறவி... மார்ட்டின் லூதரைத் துரத்திய பயம்!

மார்ட்டின் லூதர் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங்தான். அந்தப் பெயரே ஜெர்மனியில் இருந்து போனதுதான். கிங்கின் அப்பா 1934-ல் ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்த பிறகுதான், மைக்கேல் என்று இருந்த தன் பெயரையும் மகனின் பெயரையும் மாற்றினார். நாம் இங்கே பார்க்கப் போவது அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஒரிஜினல் லூதரை.

போப்பையே எதிர்த்தவர், பேரரசர் முன்னால் பின்வாங்காதவர் என்றுதான் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனா அதே மனுஷன் வாழ்நாள் முழுக்க பயத்தோடும் பதற்றத்தோடும் போராடினார் என்பது அதிகம் பேசப்படாத பக்கம்.

ஒரு இடியில் மாறிய வாழ்க்கை

1483 நவம்பர் 10-ம் தேதி ஐஸ்லேபன் என்ற ஊரில் பிறந்தார் லூதர். அப்பா ஹான்ஸ், செம்புச் சுரங்கத் தொழிலில் முன்னுக்கு வந்தவர். மகனை வக்கீலாக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கனவு. லூதரும் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டார்.

1505 ஜூலை 2. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஸ்டோட்டர்ன்ஹைம் கிராமத்துக்குப் பக்கத்தில் பெருமழை. மிக அருகில் இடி விழுந்தது. அந்த நொடியில், உயிர் பிழைத்தால் துறவி ஆகிறேன் என்று சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டார். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறுநாள் மறந்துபோகிற ஆள் இல்லை அவர். 15 நாளில், அகஸ்டீனியத் துறவிகள் மடத்தின் கதவைத் தட்டினார்.

அப்பாவுக்குச் செம கோபம். 1507-ல் மகன் குருவாகி முதல் திருப்பலி நிறைவேற்றிய அன்று விருந்தில் உட்கார்ந்தபோதும் கோபம் அடங்கவில்லை. அந்த இடி கடவுள் அனுப்பியதா, பிசாசின் வேலையா என்று கேட்டுவிட்டார். ஏற்கெனவே பலிபீடத்தில் நடுங்கிப்போயிருந்த லூதருக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. பல வருஷம் கழித்தும் அதை எழுதியிருக்கிறார்.

மடத்துக்குள் போனால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தார். நடந்தது தலைகீழ். உபவாசம், குளிரில் போர்வை இல்லாத தூக்கம், இரவு ஜெபம் என்று எதையும் விடவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார். எல்லாம் சொல்லி முடித்து வெளியே வந்ததும், ஏதோ ஒன்றை விட்டுவிட்டோமே என்று மறுபடி பதறும். இன்றைக்கு இப்படி ஒருவர் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்போம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதருக்கு நாம் நோயின் பெயர் சூட்டுவது சரியாக இருக்காது. அவரே அதற்கு ஒரு ஜெர்மன் சொல்லை வைத்திருந்தார்: அன்ஃபெஹ்டுங். தாக்குதல், சோதனை என்று இரண்டு அர்த்தமும் கலந்த சொல் அது.

திருப்பம் எங்கே வந்தது?

மடத்தின் மேலதிகாரி ஷ்டாவ்பிட்ஸ் கெட்டிக்காரர். தன்னையே நோண்டிக்கொண்டிருக்கும் இந்த இளைஞரை வேதாகமம் கற்பிக்கிற வேலையில் தள்ளிவிட்டார். 1512-ல் டாக்டர் பட்டம், விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி.

பாடம் நடத்தத் தயாரானபோதுதான் ரோமர் நிருபத்தில் வரும் கடவுளின் நீதி என்ற சொல் அவரைப் படுத்தியது. நீதி என்றால் தண்டிக்கிற நீதி என்றுதான் அதுவரை புரிந்துவைத்திருந்தார். அது மனுஷன் சம்பாதிப்பது இல்லை, விசுவாசிக்கிறவனுக்குக் கடவுளே இலவசமாகக் கொடுப்பது என்று ஒரு கட்டத்தில் பிடிபட்டது. போதுமான அளவு நல்லவனாக இருக்கிறேனா என்ற கணக்கே தேவையில்லை என்றானதும், பல வருஷப் பாரம் இறங்கியது.

1517 அக்டோபர் 31-ல் அவர் வெளியிட்ட 95 கருத்துகளையும் இந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். அப்போது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை களைகட்டியிருந்தது. செத்துப்போன அப்பா, அம்மா மறு உலகில் வேதனைப்படுவார்களே என்ற பயம்தான் அந்த வியாபாரத்தின் முதலீடு. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று லூதரைவிட யாருக்குத் தெரியும்?

1521-ல் போப் அவரைச் சபையை விட்டு நீக்கினார். வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நிறுத்தி, எழுதியதை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். முதல் நாள் லூதர் உடனே வீரவசனம் எதுவும் பேசவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். மறுநாள்தான் மறுத்தார். பிறகு வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது, 11 வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்து முடித்தார். (1706-ல் நம்ம தரங்கம்பாடிக்கு வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்த சீகன்பால்கு, இந்த லூதரன் வழியில் வந்தவர்தான்.)

பயம் திரும்பி வந்தது

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை. 1527 ஜூலையில் லூதர் மயங்கி விழுந்தார். சாகப்போகிறோம் என்றே நினைத்தார். உடம்பு தேறியும் மனசு தேற மாதக்கணக்கானது. அதே சமயம் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் நுழைந்தது. பல்கலைக்கழகமே வேறு ஊருக்கு இடம் மாறியது. லூதர் போகவில்லை. கர்ப்பிணியாக இருந்த மனைவி கேத்தரினாவோடு அங்கேயே இருந்து, வீட்டை ஆஸ்பத்திரி போல ஆக்கினார். நோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு எழுதிய பதிலில், மருந்து சாப்பிடுங்கள், புகை போடுங்கள், வேலை இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள் என்ற யோசனைகளும் உண்டு. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க இதைத் தேடிப் படித்தார்கள்.

பயம் மறுபடி மறுபடி வரும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகு, அவர் செய்தது ரொம்ப சாதாரணமான விஷயங்கள். வீணை மாதிரியான லூட் வாசித்தார். பாட்டு எழுதினார். வீட்டில் எப்போதும் மாணவர்கள் கூட்டம். 1530-ல், தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹியரோனிமஸ் வெல்லர் மனச்சோர்வில் தவித்தபோது, தனியாக இருக்காதே, நாலு பேரோடு சிரித்துப் பேசு என்று கடிதம் போட்டார்.

எல்லா அடிக்கும் இந்த மருந்து போதவில்லை. 1542-ல் 13 வயது மகள் மக்தலேனா அவர் கையிலேயே உயிர்விட்டபோது, நம்பிக்கை இருந்தும் அழுகையை அடக்க முடியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய கொடூரமான புத்தகம், அவர் பெயரில் இன்றும் கறை. மன்னிப்பை எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது.

கடைசிக் கடிதங்கள்

1546 தொடக்கத்தில், மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களின் சொத்துத் தகராறைத் தீர்த்துவைக்க, கடும் குளிரில் ஐஸ்லேபனுக்குப் போனார். உடம்பு சரியில்லாத 62 வயது கணவரை நினைத்து வீட்டில் கேத்தரினாவுக்குத் தூக்கம் இல்லை.

லூதர் கேலியாகப் பதில் எழுதினார். நீ கவலைப்பட ஆரம்பித்த பிறகுதான் என் அறைக்கு வெளியே தீப்பிடித்தது, கழிப்பறையில் தலைமேல் கல் விழப் பார்த்தது, இன்னும் கவலைப்பட்டால் பூமியே விழுங்கிவிடும் என்கிற ரீதியில் போகிறது அந்தக் கடிதம். உன்னைவிட நன்றாக என்னைப் பற்றிக் கவலைப்பட ஒருவர் இருக்கிறார், அந்த வேலையை அவரிடம் விட்டுவிடு என்றும் அதே வாரத்தில் எழுதியிருந்தார். இளம்வயதில் எந்தக் கடவுளை நினைத்து நடுங்கினாரோ, அவரைத்தான் இப்படிச் சொல்கிறார்.

பிப்ரவரி 18 அதிகாலை, பிறந்த ஊரிலேயே லூதர் காலமானார். கேத்தரினா பயந்ததும் வீண்பயம் இல்லைதான். நாலு நாள் கழித்து விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.