மருந்துப் பையில் இரண்டு குளிசைகள்: சுப்பாராவ் விட்டுச்சென்றவை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளிலிருந்து மூட்டுவாத கிளினிக்குக்குச் செல்லும் பலரின் மருந்துப் பையில் இரண்டு குளிசைகள் இருக்கும். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெதோட்ரெக்ஸேட் ஒன்று. அதன் பக்கவிளைவுகளைத் தணிக்கும் ஃபோலிக் அமிலம் மற்றொன்று. இரண்டும் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டவை.

1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் அவர் பிறந்தார். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ எனும் குடல்நோய் அடுத்தடுத்துப் பறித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியே கிடைத்தது. சிறிது காலம் ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்துவிட்டு, பொஸ்டன் சென்றார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே வைத்தியசாலையில் இரவு நேரச் சிற்றூழியராக வேலை செய்தார்.

ஆசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து குருதியில் பொஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உடற்கலங்களின் சக்தி நாணயமான ஏ.டி.பி. எனும் அடினோசின் சேர்மத்தையும் அவர்கள் 1929இல் அறிவித்தனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கு அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அங்கிருந்தே வந்தது.

ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் சேர்மங்களையும் அக்குழு தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொடுத்தபோது, குருதிப் புற்றுநோயால் வாடிய சில சிறுவர்களுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்பே மெதோட்ரெக்ஸேட்.

அதே ஆண்டு ஓகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் நியூயோர்க்கில் காலமானார். ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. மனைவி சேஷகிரியை மீண்டும் பார்க்கவுமில்லை. கடல் கடந்தவரை எதிர்பார்த்து வயதாகிப்போன வீடுகள் நம்மிடமும் உண்டு. அந்தக் காத்திருப்பை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவரது மருந்தின் கதை தொடர்ந்தது. கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் நாடிச் சுவரில் கொலஸ்ட்ரோலையும் விழுங்கும். அதை வெளியேற்ற முடியாதபோது அவை வீங்கி நுரைக்கலங்களாகின்றன. மாரடைப்புக்கு வழிவகுக்கும் படிவு அங்கேதான் தொடங்குகிறது. மெதோட்ரெக்ஸேட் இந்தக் கலங்களில் கொலஸ்ட்ரோலை வெளியே தள்ளும் புரதங்களைப் பெருக்குகிறது என்பதை 2008இல் ஓர் ஆய்வுகூடப் பரிசோதனை காட்டியது. அதற்கான சமிக்ஞையைத் தருவது அடினோசின். சுப்பாராவ் கண்டறிந்த ஏ.டி.பி.யின் அடித்தளமும் அதுவே.

ஆனால் ஆய்வுகூடத்தில் கண்டது நோயாளியிடம் அப்படியே பலிப்பதில்லை. நாடி அடைப்புள்ள 4786 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், குறைந்த அளவு மெதோட்ரெக்ஸேட் மாரடைப்பைக் குறைக்கவில்லை என 2018இல் தெரியவந்தது. ஆகவே மூட்டுவாதக் குளிசையை இதயத்துக்கும் காவல் என நம்பி கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திவிடக் கூடாது.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மெதோட்ரெக்ஸேட்டைத் தவறுதலாகத் தினமும் எடுத்தால் குருதிக் கலங்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் முதியவர் இருந்தால், குளிசை எடுக்கும் கிழமையை அந்தப் பையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.