நைட்டிங்கேல் அம்மையாரின் வரைபடம்

இராமநாதபுரம் ஜில்லாவில் நயினார்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே, மாரிக்காலம் கழிந்தபின் கண்மாயில் நீர் எவ்வளவு உண்டென்று அறிய விரும்பும் உழவர் கணக்கேட்டைத் தேடிச் செல்வதில்லை. கலுங்கில் நட்டுள்ள கற்களில் நீர் எம்மட்டில் நிற்கின்றதென ஒருமுறை நோக்குவர். அவ்வாண்டின் விளைவை அந்நோக்கிலேயே உய்த்துணர்வர். எழுத்தறியாதாரும் படிக்கத்தக்க அக்கற்களைக் காணுந்தோறும், எண்களைக் கண்ணுக்குப் புலப்படுத்தி உயிர்களைக் காத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவு எமக்கு வருவதுண்டு.

கைவிளக்கேந்திய காரிகை என இவ்வம்மையாரை உலகம் அறியும். கணக்கில் வல்லவர் என்பதை அறிந்தார் சிலரே. இவர் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் தோன்றினார். ஊரின் பெயரே இவர் பெயராயிற்று. தந்தையாரிடம் பல மொழிகளைப் பயின்ற இவர், கணிதத்திலும் பெருவிருப்புக் கொண்டார். பிணியாளர்க்குப் பணி செய்யவேண்டுமென்னும் அவாவைக் குடும்பத்தார் நெடுநாள் தடுத்தும், இவர் உறுதி தளரவில்லை.

1854-இல், கிரீமியா யுத்தத்தில் நோயுற்றும் காயமுற்றும் வந்த வீரரைப் பேணுதற்பொருட்டு, 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி வைத்தியசாலையை அடைந்தார். ஆங்கே கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டிருந்தன. காற்றும் நீரும் கெட்டிருந்தன. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் அவற்றைத் துப்புரவு செய்தபின்னரே சாவு பெரிதும் குறைந்தது.

ஊர் திரும்பிய அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளியியலறிஞரின் துணைகொண்டு இறந்தோர் கணக்கை ஆராய்ந்தார். 1855 ஜனவரி மாதத்தில் மட்டும் காயத்தால் மாண்டவர் 83 பேர். பிற காரணங்களால் 324 பேர். தடுக்கத்தக்க நோய்களாலோ 2,761 பேர்! பகைவரின் குண்டினும் அழுக்கே கொடிய பகையாயிருந்தது. தாம் இரவும் பகலும் உழைத்த இடத்திலேயே இஃது நிகழ்ந்ததென்னும் உண்மை அவர் உள்ளத்தை எத்துணை வருத்தியிருக்கும்!

ஆயினும் எண்கள் நிறைந்த ஏட்டை அமைச்சர் படிப்பரோ? ஆகவே 1858-இல் வட்ட வடிவான வரைபடமொன்றை அமைத்தார். வட்டத்தின் பன்னிரு கூறுகளும் பன்னிரு மாதங்களாம். நோய்ச்சாவிற்கு நீலமும், காயத்திற்குச் சிவப்பும், ஏனையவற்றிற்குக் கருமையும் தீட்டி, சாவின் அளவிற்கேற்பப் பரப்பை விரித்தார். படத்தை நோக்கும் முறையையும் அத்தாளிலேயே எழுதிவைத்தார். நீலம் மலர்ந்து பரந்ததைக் கண்டோர்க்கு வேறு விளக்கம் வேண்டியிருந்ததில்லை. படை வீரர் வாழிடங்களையும் வைத்தியசாலைகளையும் சீர்திருத்தும் முயற்சிக்கு அது பெருந்துணையாயிற்று. லண்டன் புள்ளியியற் சங்கமும் இவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது.

இந்தியாவை அம்மையார் ஒருபோதும் கண்டதில்லை. எனினும், இந்நாட்டிலிருந்த ஆங்கிலப் படையினருள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் மடிந்த கணக்கை ஆராய்ந்து, 1863-இல் வெளிவந்த அறிக்கையில் தம் கருத்துக்களைப் படங்களுடன் சேர்த்தார். மறுவருடம் சென்னை முதலிய மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் ஏற்பட்டன. பின்னாளில் நம் நாட்டுக் குடியானவரின் பஞ்சத்தையும் நீர்ப்பாசனத்தையும் குறித்து ஓயாது எழுதினார். 1910 ஆகஸ்டு 13-ஆம் தேதி, தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

இன்று கணிப்பொறித் திரையில் இத்தகைய படங்களை நொடிப்பொழுதில் அமைக்கலாம். ஒரு கூறைத் தொட்டால் அதற்குரிய எண் தோன்றும். கண்பார்வையற்றார்க்கு, படத்தோடு எழுதிச் சேர்த்த விளக்கத்தைப் பொறியே வாய்விட்டுப் படிக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதார்பொருட்டு நிறத்தோடு கோடும் புள்ளியும் இட்டுக் காட்டலாம். எழுதாத விளக்கத்தைப் பொறி எப்போதும் சரிவரப் படிக்குமென்பதில்லை. இடாத கோட்டை அது எப்போதும் தானே இடுமென்பதில்லை. காண்பவர் யாவர், அவர்க்கு இது விளங்குமோ என வினவும் அன்பு வரைபவரிடத்தே இருத்தல்வேண்டும். கலுங்கிற் கல் நட்ட நம் முன்னோரிடத்தும் அவ்வன்பு இருந்தது. இக்கலையைப் பயிலும் மாணவ நண்பர்கள் அதனையும் உடன் பயில்வாராக.