ஆடுகளத்து ஆசான்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கரையில் அமைந்த மாநிலங்களுள் நியூ ஜெர்சி என்பதும் ஒன்று. அம்மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் செருப்புத் தைத்துப் பிழைத்த எளிய குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்துப் பிறந்த மக்கள் எண்மர். அவருள் ஐந்தாமவராக, 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் பிறந்தவர் ஏமஸ் அலான்சோ ஸ்டாக். அமெரிக்கக் கல்லூரிகளில் காற்பந்துப் பயிற்சியைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்ட முன்னோடிகளுள் அவர் தலையாயவர்.

அமெரிக்கக் காற்பந்து நம் நாட்டில் ஆடப்பெறும் காற்பந்தினின்றும் வேறானது. அதன் பந்து உருண்டையன்று. இரு முனையும் கூம்பிய நீள்வடிவினது. ஆடுவோர் அதனைக் கையில் ஏந்தி ஓடுவர். எதிர்க்குழுவினர் அவரைப் பாய்ந்து பற்றி நிலத்தில் வீழ்த்துவர். ஒரு குழுவிற்குப் பதினொருவர் என்னும் கணக்கு மட்டுமே இரண்டிற்கும் பொதுவாகும். உடல் உரமும் கூரிய அறிவும் ஒருங்கே வேண்டும் ஆட்டம் அது.

ஸ்டாக் இளமையில் கூலி வேலை செய்தே கல்வி பயின்றார். யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபொழுது, தீக்காய வழியில்லாத மேன்மாடத்துச் சிற்றறை ஒன்றில் தங்கினார். அந்நாட்டுப் பனிக்காலத்தின் கொடுமையை அறிந்தோரே அவ்வறையின் துன்பத்தை உணர்வர். உணவிற்கு நாளொன்றுக்குச் சில காசுகளே செலவிட்டு, பெரும்பாலும் பிஸ்கோத்தைத் தின்று காலங்கழித்தார். அதனால் உடல் நலிந்து வீழ்ந்ததும் உண்டு. அங்ஙனம் வாடியவரே பின்னர்ப் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் யேல் குழுவின் சிறந்த பந்தெறிவாளராக விளங்கினார். அவர்தம் திறனைக் கண்ட தொழில்முறைக் குழுவினர் பெரும்பொருள் தருவதாகக் கூறித் தம்பால் அழைத்தனர். வறியவர்க்கு அது புதையல் போன்றது. எனினும், ஆட்டத்தை விலைக்கு விற்பதும் மது விற்கும் இடத்தில் ஆடுவதும் அவர் உள்ளத்திற்கு உடன்பாடாகவில்லை. அவ்வழைப்புகளை ஏற்க மறுத்துவிட்டார். 1889-ஆம் ஆண்டு, முதன்முதலாகத் தொகுக்கப்பெற்ற அனைத்து அமெரிக்கக் காற்பந்துக் குழுவில் அவர் பெயரும் இடம்பெற்றது.

சமயத்தொண்டர் ஆதல் வேண்டும் என்பதே அவர்தம் முதல் எண்ணம். அதற்குரிய கல்வியும் பயின்றார். ஆயினும் மேடையேறிச் சொற்பொழிவாற்றும் திறம் அவர்க்கு வாய்க்கவில்லை. தம் குறையைத் தாமே அறிந்துகொண்ட அவர், சொல்லால் ஆற்ற இயலாத தொண்டினை ஆடுகளத்திற் செயலால் ஆற்றத் துணிந்தார். இளைஞரை ஒழுக்கமுடையோராக வளர்ப்பதற்கு ஆட்டமும் ஒரு வாயில் என்பது அவர் கொள்கை. 1890-இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். கூடைப்பந்தாட்டத்தைக் கண்டறிந்த ஜேம்ஸ் நெய்சுமித்து அங்கு அவருடன் இருந்தவர். ஸ்டாக் பயிற்றிய காற்பந்துக் குழுவில் ஆடியவர். 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆசிரியரும் மாணவரும் எதிர்த்து நின்று, மக்கள் காணக் கூடைப்பந்து ஆடினர். ஆசிரியர் ஒன்றுக்கு ஐந்து என்னும் கணக்கில் தோற்றனர். அந்த ஒன்றையும் எய்தியவர் ஸ்டாக்கே! சென்னையில் 1920-ஆம் ஆண்டு உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய பக் என்னும் பெரியார் இப்பள்ளியிற் பயின்று வந்தவர் ஆதலின், நம் நாட்டிற்கும் இப்பள்ளிக்கும் தொடர்பு உண்டு.

அக்காலத்தில் சிகாகோப் பல்கலைக்கழகம் புதிதாகத் தோன்றியது. அதன் தலைவராகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் தம் பழைய மாணாக்கராகிய ஸ்டாக்கை அழைத்து, உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராக்கினார். ஆட்டம் பயிற்றுவோர்க்கு ஏனைய பேராசிரியரோடு ஒத்த நிலையும் நிலையான பதவியும் அளித்தது அந்நாளில் புதுமையாகும். 1892-இல் அவர் அங்குச் சென்றபொழுது ஆடுவோர் போதிய அளவிற் கிடைக்கவில்லை. எனவே ஆசிரியராகிய தாமும் மாணவருடன் களத்தில் இறங்கி ஆடினார். அன்று தொடங்கிய பணி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1905-ஆம் ஆண்டு அவ்வாட்டத்திற்கே சோதனை ஆண்டாயிற்று. இரு குழுவினரும் கூட்டமாகத் திரண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுதலே அந்நாளைய ஆட்டமுறை. அம்மோதலில் எலும்பு முறிவது இயல்பு. உயிர் போவதும் அரிதன்று. அவ்வோர் ஆண்டில் மட்டும் பதினெண்மர்க்குக் குறையாத இளைஞர் மாண்டனர். பெற்றோர் கலங்கினர். சில கல்லூரிகள் ஆட்டத்தையே கைவிட்டன. நாட்டின் தலைவராகிய தியோடர் ரூசுவெல்ட்டு, முதன்மையான மூன்று பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். மறு ஆண்டு விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிந்து தம் குழுவினர்க்கு அளிக்கலாம் என்றும், ஆட்டத்தைத் தொடர ஐந்து கஜத்திற்கு மாறாகப் பத்துக் கஜம் முன்னேறுதல் வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. இதனால் நெருங்கி மோதும் கூட்டம் கலைந்து, களம் விரிந்தது. விதிக்குழுவில் ஸ்டாக்கும் ஓர் உறுப்பினர். பிறர் பலர் ஐயுற்றுத் தயங்கிய அப்புதிய எறிமுறையை விரைந்து ஏற்று, மாணவர்க்குப் பயிற்றியவர்களுள் அவரும் ஒருவர்.

அதே 1905-ஆம் ஆண்டின் இறுதியாட்டம் சிகாகோ வரலாற்றிற் புகழ்பெற்றது. மிச்சிகன் குழு ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே காணாது செருக்கி நின்றது. ஏறத்தாழ 25,000 மக்கள் குழுமிய களத்தில் சிகாகோக் குழு அதனை இரண்டு புள்ளிகளால் வென்றது. எதிர்க்குழுவினர் புள்ளி ஏதும் பெறவில்லை.

வெற்றி பெருகவே பார்க்க வருவோர் கூட்டமும் பெருகியது. நுழைவுக் கட்டணமும் குவிந்தது. பணத்தின்பொருட்டு ஆட மறுத்தவரின் களத்திலேயே பணம் குவிந்தமை காலத்தின் கோலம் போலும்! ஆட்டத்திற் சிறந்தவர் பாடத்திற் பின்தங்கினும் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் மெல்ல நுழைந்தது. மிச்சிகனை வென்ற குழுவின் மாபெரும் வீரராகிய வால்டர் எக்கர்சால் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். இக்குறையில் ஸ்டாக்கிற்குப் பங்கு இல்லை என்று கூறுதல் நடுநிலைமை ஆகாது. பிற்காலத்துத் தலைவராக வந்த ராபர்ட் ஹட்சின்சு, கல்லூரி கற்பதற்கே உரியது என்னும் உறுதியுடையவர். அவர் காலத்தில், எழுபது வயது நிரம்பினோர் ஓய்வு பெறல் வேண்டும் என்னும் விதி ஸ்டாக்கின் மேலும் செலுத்தப்பட்டது. 1932-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அவர் களத்தை விட்டு நீங்க நேர்ந்தது. ஊதியத்துடன் வேறொரு பதவி தர அவர்கள் முன்வந்தனர். உழைப்பின்றி வரும் ஊதியத்தை அவர் ஏற்கவில்லை.

எழுபது வயதில் பிறர் சாய்வு நாற்காலியை நாடுவர். ஸ்டாக்கோ மனைவியார் ஸ்டெல்லாவுடன் நாட்டின் மறுகரையை நாடினார். கலிபோர்னியா மாநிலத்து ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரி என்னும் சிறு கல்லூரி அவரைப் பயிற்சியாளராக ஏற்றது. அங்குப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். 1938-இல் அச்சிறு குழுவுடன் சிகாகோவிற்கே சென்று, தம் பெயர் தாங்கிய களத்தில், தாம் வளர்த்த பல்கலைக்கழகத்தை முப்பத்திரண்டு புள்ளிகளால் வென்றார். வென்றவர்க்கு அன்று மகிழ்ச்சி மட்டுமே இருந்திருக்கும் எனல் அரிது. மறு ஆண்டே சிகாகோப் பல்கலைக்கழகம் காற்பந்தைக் கைவிட்டது. ஆரவாரம் அடங்கிய அக்களத்து மேற்குப் பார்வையாளர் படிகளின் அடியில்தான், 1942-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், என்ரிகோ பெர்மி என்னும் அறிஞர் முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தினார்.

1943-ஆம் ஆண்டு ஸ்டாக்கிற்கு அகவை எண்பத்தொன்று. அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் என நாடு அவரைத் தேர்ந்தது. 1946-க்குப் பின் பசிபிக் கல்லூரியாரும் அவர்க்கு மதிப்புப் பதவி ஒன்றை அளிக்க எண்ணினர். அதனையும் மறுத்து, பென்சில்வேனியாவில் சஸ்குவேகன்னாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த தம் மகனுக்குத் துணைவராகச் சென்றார். தந்தை மகனுக்கு உதவியாளராக நின்ற அக்காட்சி காண்போர்க்கு வியப்பளித்தது. ஸ்டெல்லா அம்மையார் நோயுற்றபொழுது அவரைப் பேணும்பொருட்டு ஸ்டாக்டன் நகரிலேயே தங்கிவிட்டார். தம் கணவர்க்காக எதிர்க்குழுக்களின் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்து உதவியவர் அவ்வம்மையார். அங்கும் ஸ்டாக் வாளா இருந்தாரல்லர். அந்நகரக் கல்லூரி ஒன்றில் பந்தை உதைக்கும் முறையை இளைஞர்க்குக் கற்பித்து வந்தார். 1960-இல் அப்பணியினின்றும் விலகியபொழுது அவர்க்கு அகவை தொண்ணூற்றெட்டு.

1964-இல் ஸ்டெல்லா அம்மையார் மறைந்தார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள், நூற்றிரண்டாம் அகவையில் ஸ்டாக் ஸ்டாக்டன் நகரில் காலமானார். அவர் பெற்ற வெற்றிகள் 314 என அந்நாளிற் கணக்கிட்டனர். 1981-ஆம் ஆண்டில்தான் பால் பிரையன்ட்டு என்பவர் அவ்வெண்ணைக் கடந்தார். சிகாகோவின் பழைய களம் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் நூல்நிலையம் எழுந்தது. 1969-இல் அப்பல்கலைக்கழகம் மீண்டும் காற்பந்துக் குழு அமைத்தபொழுது, அக்குழு ஆடிய புதிய களத்திற்கும் ஸ்டாக்கின் பெயரே வழங்கிற்று.