சூலைக்கு நன்றி கூறிய நாவரசர்

கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே, திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகத் தோன்றியவர் மருள்நீக்கியார். திருநாவுக்கரசு நாயனார் என்றும் அப்பர் சுவாமிகள் என்றும் சைவ உலகம் போற்றுவது இவரையே. தேவார முதலிகள் மூவருள் உடலாலும் உள்ளத்தாலும் மிகுதியாகத் துன்புற்றவர் இவரென்பது அவர் வரலாற்றைப் படிப்போர்க்கு எளிதிற் புலப்படும்.

இளமையிலேயே துன்பம் வீடு தேடி வந்தது. தந்தையார் நோயுற்று இறக்க, தாயாரும் கணவருடன் உயிர் துறந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவர் போர்க்களத்தில் மாண்டார். அவருக்கே உரியவள் தான் எனக் கருதி உயிர்விடத் துணிந்த தமக்கையாரின் காலில் விழுந்து அழுதார் தம்பியார். தமக்கையாரும் போய்விட்டால் தாம் அவருக்கு முன்னரே இறந்துபோவதாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அம்மையார் உயிர் தாங்கினார். தமக்கென ஒரு வாழ்வு இல்லையென்றான பின்பும் பிறர்க்காக வாழத் துணிந்த அந்த அம்மையாரின் மனவுறுதி தம்பியாரின் பெருமைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

மருள்நீக்கியார் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தொட்டார். ஆயினும் நிலையாமை அவர் மனத்தை வருத்திக்கொண்டே இருந்தது. மெய்ந்நெறியைத் தேடிப் பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரிலிருந்த சமணப் பள்ளியை அடைந்து, நூல்களையெல்லாம் கற்றுத் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். திலகவதியாரோ கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிடுதலும் மெழுகுதலும் பூமாலை தொடுத்தலுமாகத் தொண்டு செய்து, தம்பியை ஆட்கொண்டருளும்படி இறைவனிடம் முறையிட்டு வந்தார். சூலை நோய் கொடுத்து ஆட்கொள்வோம் என இறைவன் அவர் கனவிலே உணர்த்தியதாகப் பெரியபுராணம் கூறுகின்றது.

தருமசேனரைச் சூலை பற்றியது. குடலை முறுக்கும் கொடிய வயிற்றுவலி. உடனிருந்த முனிவர்கள் மந்திரித்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், நீர் ஓதிக் கொடுத்தார்கள், நோய் தணியவில்லை. தமக்கையாரை அழைத்துவர ஆள் அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என அம்மையார் மறுத்துவிட்டார். தம்பி படும் வேதனையைக் கேட்டும் அவ்வாறு மறுப்பதற்கு அந்தத் தாய்மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அதன்பின் தருமசேனர் தலைமையையும் மதிப்பையும் உதறிவிட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையாரின் காலில் விழுந்தார். அம்மையார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, விடியுமுன் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதற் பதிகத்தோடு நோய் நீங்கிற்று. நாவுக்கரசு என்னும் பெயரும் இறைவனால் வழங்கப்பெற்றது.

இங்கே சேக்கிழார் பெருமான் காட்டும் ஒரு நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோய் நீங்கியவர் எவரும் நீக்கியவருக்கே நன்றி சொல்வர். நாவரசரும் இறைவன் திருவருளில் நெகிழ்ந்து நிலத்தில் விழுந்து புரண்டார். ஆனால் அத்துடன் அமையாது, இத்தகைய வாழ்வைத் தமக்குப் பெற்றுத் தந்த சூலைக்குத் தாம் செய்யக்கூடிய கைம்மாறு என்னவென்று எண்ணி அந்நோயையே தொழுதார். உடல் நலத்தோடு பள்ளித் தலைவராய் இருந்திருந்தால் அவர் கெடிலக் கரைக்கு மீண்டிருப்பாரோ? கல்வியும் பதவியும் செய்யாததை ஒரு வயிற்றுவலி செய்தது. பள்ளியில் பெற்ற கல்வியும் வீணாகவில்லை. அங்கே தீட்டப்பெற்ற நாவே பின்னர் பதிகங்கள் பாடியது.

அடுத்து வந்தது அரச தண்டனை. அக்காலப் பல்லவ மன்னன் சமணம் சார்ந்தவன். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆய்வாளர். அழைத்தவுடன் வர மறுத்த நாவரசரை அவன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான். நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டுவித்தான். யானையை ஏவினான். ஈற்றிலே கல்லோடு பிணைத்துக் கடலில் இடுவித்தான். சூலையின் கொடுமையை உள்ளே தாங்கியவரை வெளியிலிருந்து வந்த இவை அசைக்கவில்லை. கல் தெப்பமாக, திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே ஏறினார். முன்பு தருமசேனராகத் தலைமை பூண்ட அதே ஊர், இப்போது அவரை அடியார் கூட்டத்தோடு வரவேற்றது. பின்னர் அம்மன்னனும் சைவனானான்.

அதன்பின் கையில் உழவாரப்படையுடன் ஊர் ஊராக நடந்து, கோயில் வீதிகளிற் புல் செதுக்கினார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அவரை அப்பரே என அழைத்தார். தள்ளாத வயதிற் கயிலை காணப் புறப்பட்டு, கால் தேய்ந்தபோது கையால் ஊன்றியும், பின் மார்பால் ஊர்ந்தும், உடலால் புரண்டும் சென்றார். இறைவன் அவரை அங்குள்ள பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே அக்காட்சியைக் காட்டியருளினார். திருப்புகலூரில் உழவாரம் செய்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்க, அவற்றையும் பருக்கைக் கற்களாகவே எண்ணி வாரி வாவியில் எறிந்தார்.

அவர் அருளிய பதிகங்களுள் இன்று கிடைப்பவை 312. அவை 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. 81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரிலே சிவபதம் எய்தினார் என்பது மரபு. அந்நாளில் சிவாலயங்களில் அவரது குருபூசை நடைபெறுகின்றது. திருவதிகைக் கோயிலிலே, அவருக்குத் திருநீறு அளித்த தமக்கையார் திலகவதியாருக்கும் சந்நிதி உண்டு.