கேள்விக் கணை தொடுத்த தீரர்

அமெரிக்க செனட்டில் பேசிக்கொண்டே மசோதாவை முடக்கலாம்; 100 பேரில் 60 பேர் இசைந்தால்தான் விவாதம் முடியும். கல்லூரிப் பட்டிமன்றத்தில், அதுவே சிறுபான்மையினரின் ஒரே கேடயம் என்று வாதிட எண்ணியிருந்தேன். தீரர் சத்தியமூர்த்தியின் வரலாறு என் எண்ணத்தை மாற்றியது.

1887-இல் நம் அண்டைச் சீமையாம் திருமயத்தில் பிறந்தார். மத்திய சட்டசபையில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவரானார். சபை தோற்கடித்த மசோதாவையும் வைசிராய் சட்டமாக்கிவிடும் காலம் அது. மணிக்கணக்கில் பேசியும் பயனில்லை. அவரோ கேள்வி நேரத்தையே ஆயுதமாக்கினார். துணைக் கேள்விகளால் ஆட்சியாளரைத் திணறடித்தார். 1939-இல் சென்னை மேயர், 1942-இல் சிறை, 1943-இல் மறைவு.

பாம்பனில் வலை இழுக்கும் என் தந்தை, ஓர் அலுவலக வாசலில் ‘ஏன்’ என்று கேட்கத் தெரியாமல் திரும்பியவர். அவருக்காக மன்றத்தில் ஒலிக்க வேண்டியது முடிவில்லாப் பேச்சன்று. பதிலைப் பெறும் கேள்வியே. அதையே பட்டிமன்றத்தில் கூறினேன்.